கோளின் குரல் காதில் விழ வேண்டும்: ஹாம் செயற்கைக்கோள் ஆன்டெனாக்கள் குறித்த ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் செயற்கைக்கோள் வழியே பேசுவதற்கு ஆன்டெனா வாங்க நினைப்பவர்களும் தாமே செய்துகொள்ள நினைப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "இதை வைத்து எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன். தாழ்வட்டப் பாதையில் சுற்றும் கோள்களை எட்டுவதற்குக் கையடக்க வானொலிக் கருவியின் 5 வாட்டே போதும். கோளின் குரல் திரும்ப நம் காதில் விழுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகையால் இந்த மதிப்பீட்டில் எல்லா ஆன்டெனாக்களையும் ஒரே அளவுகோலைக் கொண்டு எடைபோட்டிருக்கிறேன்: கோள் தொடுவானத்தைவிட்டு 5 அல்லது 10 பாகை மட்டுமே எழும்பியிருக்கும்போது, இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் அழைப்புக்குறியை (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாள எழுத்துகளை) முழுமையாகப் பிரித்தெடுக்க அது உதவுகிறதா? ஆரோ நிறுவனத்தின் கைப்பிடி யாகி (ஒரு தண்டில் பல குச்சிகளை வரிசையாகப் பொருத்திய, ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா), எல்க் நிறுவனத்தின் லாக் பீரியாடிக் (குச்சிகளின் நீளம் படிப்படியாகக் குறையும் வகை), மர ரீப்பரில் நானே செய்த யாகி, மாடியில் அசையாமல் நிற்கும் எக்பீட்டர், ரொட்டேட்டரில் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரில்) ஏற்றிய குறுக்கு யாகி (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு யாகிகள்) ஆகியவற்றைப் பலகாலம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

கேட்பது ஏன் கடினம் என்பதை எண்களே தெளிவாகச் சொல்லும். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது தலைக்கு நேர்மேலே வரும்போது நமக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அந்த 420 கிலோமீட்டர்தான். தொடுவானத்தில் தலைகாட்டும்போதோ சுமார் 2,350 கிலோமீட்டர். இந்தத் தூர வேறுபாடு மட்டுமே 15 டெசிபல் இழப்பாகிறது, அதாவது சிக்னலின் வலிமை முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 2002 டிசம்பர் 20 அன்று ஏவப்பட்ட எஸ்ஓ-50 என்ற ஹாம் கோளின் டிரான்ஸ்மிட்டர் கால் வாட் திறன் கொண்டது. அந்தக் கால் வாட், 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, 436 மெகாஹெர்ட்ஸில் 150 டெசிபலுக்கும் மேற்பட்ட இழப்பைக் கடந்து நம்மிடம் வந்து சேர வேண்டும். போதாததற்கு, பெரும்பாலான பாஸ்களில், அதாவது கோள் நம் வானத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், அது தன் நேரத்தின் பெரும்பகுதியைத் தாழ்ந்த கோணங்களிலேயே கழிக்கிறது. தலைக்கு மேலே வந்து நிற்பது சில நிமிடங்கள்தான், அதுவும் எல்லா பாஸ்களிலும் இல்லை. எனவே தலைக்கு மேலே நன்றாகக் கேட்கும் ஆன்டெனாவைவிட, தொடுவானத்தருகே நன்றாகக் கேட்கும் ஆன்டெனாவே நமக்கு வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் பலரும் முதலில் பார்ப்பது ஆரோவின் 146/437 மாதிரியைத்தான். 2 மீட்டர் அலைவரிசைக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 3 எலிமென்ட், அதாவது குச்சி; 70 சென்டிமீட்டர் அலைவரிசைக்கு (436 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 7 எலிமென்ட். இரண்டும் பூம் எனப்படும் ஒரே நடுத்தண்டில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. எலிமென்ட்கள் வில்வித்தைக்கான அலுமினிய அம்புத் தண்டுகளால் ஆனவை. பாதிப் பாதியாகக் கழற்றி பூமின் துளை வழியே திருகிச் சேர்க்கலாம் என்பதால் மொத்தமும் ஒரு பைக்குள் அடங்கிவிடும். டிப்ளெக்சருடன் வரும் மாதிரியில், இரண்டு அலைவரிசைகளையும் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சிறிய சர்க்யூட் கைப்பிடிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அது 10 வாட் வரைதான் தாங்கும் என்பதை வாங்குபவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கையடக்கக் கருவிக்கு இந்த வரம்பு தாராளம். வண்டியில் பொருத்தும் 50 வாட் கருவியை முழு வலிமையில் இதனுடன் இணைக்கவே கூடாது.

பிடி பூமின் பின்முனையில் இருப்பதால் எடை முழுவதும் முன்பக்கம் இழுக்கிறது. ஆன்டெனாவின் எடை அதிகமில்லை. ஆனாலும் 12 நிமிட பாஸ் ஒன்றின் எட்டாவது நிமிடத்தில் முன்கை அதை நன்றாகவே உணரும். ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் கருவி, காதில் ஹெட்போன், கழுத்தில் தொங்கும் ஒலிப்பதிவி என்று நின்று பழகியவர்களுக்கு இந்தக் களைப்பு புதிதன்று. பூமின் பின்புறத்தில் சிறிய எதிரெடை ஒன்றைக் கட்டியபோது மணிக்கட்டின் சுமை கணிசமாகக் குறைந்தது. கேமரா முக்காலியில் ஏற்றலாம் என்று சொல்வோர் உண்டு. நான் அதை விரும்புவதில்லை. முக்காலியில் ஏற்றிவிட்டால் திசையை மாற்றலாம், உயரத்தை மாற்றலாம், ஆனால் ஆன்டெனாவை அதன் அச்சிலேயே முறுக்கித் திருப்புவது கைவிட்டுப் போய்விடும். அந்த முறுக்குத்தான் கைப்பிடி ஆன்டெனாவின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எஸ்ஓ-50 எனக்கு வடமேற்கே 30 பாகை உயரத்தில் இருந்த ஒரு மாலையில், எதிர்முனையில் இருந்தவர் தம் அழைப்புக்குறியைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மூன்று எழுத்துகள் தெளிவாக வந்தன. நான்காவது எழுத்தில் குரல் அப்படியே இரைச்சலில் மூழ்கியது. திசை தவறிவிட்டதோ என்று ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது; ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். அன்றைக்குத் திசையைத் தொடாமல் மணிக்கட்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பினேன். குரல் உடனே எழும்பி வந்தது, ஏதோ கதவைத் திறந்தது போல. கோள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வருகிறது. அதன் அலை நம்மை வந்தடையும் தளமும், அதாவது போலரைசேஷனும், அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. அயனிமண்டலமும் தன் பங்குக்கு அந்தத் தளத்தைத் திருப்பிவிடுகிறது. நம் எலிமென்ட்கள் அந்தத் தளத்திலிருந்து 45 பாகை விலகியிருந்தால் இழப்பு 3 டெசிபல். 90 பாகை விலகினால் கணக்குப்படி ஒன்றுமே வரக்கூடாது. நடைமுறையில் 20 டெசிபல் அளவுக்கு வீழ்ச்சி இருக்கும். பூமில் இன்னும் நான்கு எலிமென்டைச் சேர்த்தால் கிடைப்பது 2 அல்லது 3 டெசிபல்தான். மணிக்கட்டின் ஒரு திருப்பம் 20 டெசிபலைத் திருப்பித் தருகிறது.

இரண்டு அலைவரிசைகளும் ஒரே பூமில் இருப்பதால், கீழிறங்கும் சிக்னலுக்காக மணிக்கட்டைத் திருப்பும்போது மேலேறும் சிக்னலின் தளமும் சேர்ந்தே திரும்பிவிடுமே என்று கேட்கலாம். திரும்பத்தான் செய்யும். ஆனால் 2 மீட்டர் மேலிணைப்பில் நமக்குப் பெரும்பாலும் கைவசம் மிச்சம் இருக்கிறது, கீழிணைப்பில்தான் இல்லை. ஆகவே காது எது சொல்கிறதோ அதன்படியே கையைத் திருப்புவது சரி.

டிப்ளெக்சர் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. தனித்தனியாக இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு, பேசும்போதே கோளிலிருந்து திரும்பிவரும் என் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு விற்பனையாளரிடமிருந்து தனி டிப்ளெக்சர் ஒன்றை வாங்கினேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த, இரண்டு அலைவரிசைகளையும் பிரிக்கும் அளவு 50 டெசிபலுக்கும் மேல். விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரில் (ஓர் அலைவரிசையில் கேட்டதை மற்றொன்றில் திருப்பி அனுப்பும் கருவியில்) முதல்முறை பொத்தானை அழுத்தியதுமே 70 சென்டிமீட்டர் ரிசீவர் செவிடாகிவிட்டது. விரலை எடுத்தால் நிலையம் கேட்கிறது, அழுத்தினால் மௌனம். அளந்து பார்த்தபோது அச்சிட்ட எண்ணில் பாதியைக்கூட அது தரவில்லை. காரணம் எளிது. அந்த ரிப்பீட்டருக்கு நாம் அனுப்புவது 145.990 மெகாஹெர்ட்ஸில், அதன் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மூன்று மடங்கு அதிர்வெண், 437.970-இல் விழுகிறது, நாம் கேட்க வேண்டியதோ 437.800. இடைவெளி 170 கிலோஹெர்ட்ஸ்தான். நம் கருவியிலிருந்து கசியும் ஹார்மோனிக், பல நூறு கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய சிக்னலின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆர்எஸ்-44 கோளில் இதே சிக்கல் குறைவு, ஏனென்றால் அதன் கீழிணைப்பு 435.6 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பதால் ஹார்மோனிக்கிலிருந்து 2 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் விலகி நிற்கிறது. டிப்ளெக்சர் வாங்குபவர்கள் முதல் நாளே அதை நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவீட்டுக் கருவி கொண்டு அளந்துவிடட்டும். அளக்க வசதி இல்லாதவர்கள் திருப்பித் தர அனுமதிக்கும் இடத்தில் மட்டும் வாங்கட்டும்.

எல்க்கின் லாக் பீரியாடிக் வேறு வகையான வசதி. 5 எலிமென்ட், ஒரே தளத்தில், ஒரே ஊட்டுமுனை (கேபிள் சேரும் இடம்). இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே கேபிள். இரட்டை அலைவரிசைக் கையடக்கக் கருவி ஒன்றை நேராக இணைத்துவிடலாம், டிப்ளெக்சர் தேவையில்லை. புதிதாக வருபவர்களுக்கு இந்த எளிமை மிகவும் உதவும், ஏனெனில் பழுதாகக்கூடிய பொருள்களின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. லாக் பீரியாடிக் ஆன்டெனாவின் பார்வை குட்டையான எலிமென்ட் இருக்கும் பக்கம் என்பதையும், அடுத்தடுத்த எலிமென்ட்களின் பாதிகள் இரட்டை பூமில் மாறி மாறி அமைய வேண்டும் என்பதையும் பொருத்தும்போது மறக்கக்கூடாது. ஒரு பாதி இடம் மாறினாலும் ஆன்டெனா பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், கேட்காது. 70 சென்டிமீட்டரில் தாழ்ந்த கோணத்தில் கேட்பதை மட்டும் வைத்துச் சொன்னால், என் காதுக்கு 7 எலிமென்ட் யாகி ஒரு படி மேலே நிற்கிறது. 20 பாகைக்கு மேல் கோள் ஏறிவிட்டால் இரண்டுக்கும் இடையே நான் வேறுபாடு உணர்ந்ததில்லை. ஒரே கருவியோடு அடிக்கடி பயணம் செய்பவருக்கு எல்க்கையும், இரண்டு கருவிகளோடு பேசிக்கொண்டே கேட்க விரும்புபவருக்கு ஆரோவையும் பரிந்துரைப்பேன்.

ஆனால் என் கையில் அதிகம் இருப்பது இவை இரண்டும் அல்ல, மர ரீப்பரில் செய்த யாகிதான். 1926-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் வெளியிட்ட அமைப்பு, இன்றைக்கும் ஒரு சிறு மரத்துண்டும் சில உலோகக் குச்சிகளும் இருந்தால் வீட்டு மேசையில் உருவாகிவிடுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. நான் பின்பற்றியது, அமெரிக்க ஹாம் கென்ட் பிரிட்டன் பரப்பிய 'சீப் யாகி' என்ற வடிவமைப்பு. அதன் நுட்பம் டிரிவன் எலிமென்டில், அதாவது கேபிள் இணையும் குச்சியில், இருக்கிறது. வழக்கமான இருமுனைக்குப் பதிலாக, ஒரு நீண்ட கம்பியின் ஒரு முனையை வளைத்து இணையாகத் திருப்பிக் கொண்டுவந்தால், ஆங்கிலத்தின் ஜே எழுத்து நீண்டு படுத்தது போன்ற உருவம் கிடைக்கும். கேபிளின் வெளிப்பின்னலை நீண்ட பகுதியின் நடுவில் பற்றவைக்கிறோம். நடுக்கம்பியை வளைந்து வந்த குட்டைப் பகுதியின் முனையில் பற்றவைக்கிறோம். மற்ற எலிமென்ட்களின் இடைவெளிகளை 50 ஓமுக்கு ஏற்ப முன்பே கணக்கிட்டு வைத்திருப்பதால், கேபிளோடு பொருத்தம் பார்க்கும் காமா மேட்ச் வேண்டாம், பலுன் வேண்டாம், சரிசெய்யும் திருகு எதுவும் வேண்டாம்.

குச்சிகளுக்கு 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியே உகந்தது. அலுமினியம் லேசானது, நேரானது, ஆனால் சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. எனவே முன்னாலிருக்கும் டைரக்டர்களுக்கும் பின்னாலிருக்கும் ரிப்ளெக்டருக்கும் அலுமினியம் வைத்துக்கொண்டு, டிரிவன் எலிமென்டுக்கு மட்டும் பித்தளை வைப்பது நல்ல சமரசம். மரத்தை பூமாக எடுப்பதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: உலோக பூமின் ஊடே எலிமென்ட் செல்லும்போது அதன் நீளத்தைத் திருத்த வேண்டியிருக்கும், மரத்தில் அந்தத் திருத்தம் தேவையில்லை. துளையிடும்போது டிரில் சற்றே சாய்ந்தாலும் குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது; ஆகவே ரீப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு துளையிடாமல், டிரில் ஸ்டாண்டில் வைத்தே துளையிட வேண்டும். குச்சி துளைக்குள் இறுக்கமாக, சுத்தியலால் மெல்லத் தட்டினால் மட்டுமே நகரும்படி இருப்பது சரியான அளவு. தளர்ந்துவிட்ட ஒரு துளைக்கு நான் ஒரு சொட்டு எபாக்சியை விட்டேன், அது இன்றுவரை அசையவில்லை.

அளவுகளில் கண்டிப்பு வேண்டும். 436 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 34.4 சென்டிமீட்டர். டிரிவன் எலிமென்டில் 5 மில்லிமீட்டர் பிசகினால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 70 சென்டிமீட்டரில் ஹாம் செயற்கைக்கோள்களுக்கான பகுதியோ 435 முதல் 438 வரை, 3 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். டைரக்டர்களை நீளமாக வெட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஓரளவுக்கு மேல் நீண்ட டைரக்டர் அலையை முன்னே செலுத்துவதை விட்டுவிட்டு ரிப்ளெக்டரைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். ஆகவே டைரக்டர்களை வெட்டும்போது அரை மில்லிமீட்டர் குறைவதைப் பற்றிக் கவலைப்படாமல், கூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். 2 மீட்டர் பகுதியில் இவ்வளவு பயம் தேவையில்லை. அங்கே அரை அலைநீளமே 1.03 மீட்டர் என்பதால் 5 மில்லிமீட்டர் பெரிய விஷயமன்று. அந்தப் பகுதிக்கு, பழைய ஸ்டீல் டேப்பை வெட்டி எலிமென்டாக்கி பிவிசி குழாயில் கட்டும் முறையும் நன்றாக வேலை செய்கிறது. புதருக்குள் நுழைந்தாலும் வளைந்து மீண்டும் நிமிர்ந்துகொள்ளும்.

முடித்தபின் நானோவிஎன்ஏவை இணைத்து அளந்தேன். இங்கே பலர் செய்யும் பிழை, கருவியின் வாயிலில் கேலிபரேட் செய்துவிட்டு (அளவைச் சரிபார்த்துவிட்டு) இரண்டு மீட்டர் கேபிளுக்கு அப்பால் இருக்கும் ஆன்டெனாவை அளப்பது. ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சோதனை முனைகளையும் கேபிளின் மறுமுனையில் வைத்துக் கேலிபரேட் செய்தால்தான் ஆன்டெனாவின் உண்மையான முகம் தெரியும். அளக்கும்போது ஆன்டெனாவைச் சுவரிலிருந்தும் இரும்புக் கம்பியிலிருந்தும் தள்ளி, வானத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். என்னுடையது 436 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2 காட்டியது. ஆனால் கேபிளைக் கையால் தொட்டதும் எண் மாறியது. கேபிளின் வெளிப்பின்னல் வழியே மின்னோட்டம் வழிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஊட்டுமுனைக்கு அருகே இரண்டு பெரைட் வளையங்களை நுழைத்ததும் அது நின்றது. அன்று மாலையே, பூமியைச் சுற்றும் மிகப் பழைய ஹாம் கோள்களில் ஒன்றான ஏஓ-7 இதில் 2 மீட்டரில் கேட்டது. 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டு, 1981-இல் பேட்டரி பழுதாகி ஊமையாகி, 2002-இல் மீண்டும் உயிர்பெற்று, சூரிய ஒளி படும்போது மட்டும் பேசும் கோள் அது. என் மேசையில் வெட்டிய குச்சிகளில் அதன் ஒலி வந்து விழுந்ததை நான் நெடுநாள் மறக்கமாட்டேன்.

எக்பீட்டர், டர்ன்ஸ்டைல், குவாட்ரிபைலர் ஹெலிக்ஸ் போன்ற அசையாத ஆன்டெனாக்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். திருப்ப வேண்டியதில்லை என்பது அவற்றின் கவர்ச்சி. வட்ட போலரைசேஷன் (தளம் சுழன்றுகொண்டே இருக்கும் அலை) என்பதால் கோள் எப்படிச் சுழன்றாலும் சமாளிக்கும் என்பது மெய்தான். ஆனால் கெயின், அதாவது ஒரு திசையில் சிக்னலைக் குவிக்கும் திறன், குறைவு. அதுவும் எங்கே வேண்டுமோ அங்கே, தொடுவானத்தருகே, குறைவு. விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் பாக்கெட் சிக்னல்களைப் பதிவு செய்து வைக்கவும், தானியங்கித் தரைநிலையமாக டெலிமெட்ரி (கோள் தன் நிலை குறித்து அனுப்பும் தரவு) சேகரிக்கவும் அவை நல்லவை. எஸ்ஓ-50 போன்ற மெல்லிய குரலை 10 பாகையில் கேட்க நினைப்பவர்கள் அவற்றில் பணத்தைப் போட வேண்டாம்.

எந்த ஆன்டெனாவாக இருந்தாலும் அதற்கும் ரிசீவருக்கும் நடுவே இருக்கும் கேபிள் அதன் மதிப்பைத் தின்றுவிடக்கூடும். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் நீளத்தில் 435 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3.5 டெசிபல் இழக்கிறது. அதாவது ஆன்டெனா பிடித்ததில் பாதிக்கும் மேல் வழியிலேயே வெப்பமாகிப் போகிறது. எல்எம்ஆர்-400 அதே நீளத்தில் 0.9 டெசிபல் அளவில் நிற்கிறது, ஆனால் அது தடித்த, வளைய மறுக்கும் கேபிள். கைப்பிடி ஆன்டெனாவுக்கு ஒன்றரை மீட்டர் போதும் என்பதால் மெல்லிய கேபிளே சரி, இழப்பு அரை டெசிபல்தான். மாடியிலிருந்து அறைக்குள் கொண்டுவருவதாக இருந்தால், பணத்தைப் பெரிய ஆன்டெனாவில் போடுவதற்கு முன், மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிபயரில் போடுங்கள். அதையும் ஆன்டெனாவின் அருகிலேயே பொருத்துங்கள். கேபிளில் தொலைந்த சிக்னலை அறைக்குள் வைத்துப் பெருக்கினால், கூடவே இரைச்சலும் பெருகும், தொலைந்தது திரும்பாது.

ரொட்டேட்டரில் ஏற்றிய குறுக்கு யாகிகள் தனி உலகம். யேசு (Yaesu) நிறுவனத்தின் ஜி-5500 ரொட்டேட்டர் திசையில் 450 பாகையும் உயரத்தில் 180 பாகையும் சுழலும் என்பதால், கோள் தலைக்கு மேலே கடக்கும் பாஸ்களில் நடுவில் மறுபடி சுற்றிவர நேரத்தை இழக்க வேண்டியதில்லை. எம்2 நிறுவனத்தின் 436சிபி30 போன்ற வட்ட போலரைசேஷன் யாகியை அதில் ஏற்றினால், நேர்கோட்டு அலைக்கு எப்போதும் 3 டெசிபல் விட்டுக்கொடுக்கிறோம், பதிலுக்கு அந்த 20 டெசிபல் பள்ளங்கள் மறைந்துவிடுகின்றன. குறுக்குக் குழாய் உலோகமாக இருக்கக்கூடாது, பைபர்கிளாஸாக இருக்க வேண்டும். எலிமென்ட்களைக் கூட்டல் குறிபோல் அல்லாமல் பெருக்கல் குறிபோல் சாய்த்து வைத்தால் செங்குத்துக் கம்பத்தின் தொந்தரவும் குறையும். தாமே செய்பவர்கள் இரண்டு யாகிகளைக் கால் அலைநீளக் கேபிளால் இணைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: 436 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் காற்றில் 17.2 சென்டிமீட்டர், ஆனால் சாதாரண பாலிஎத்திலீன் கேபிளுக்குள் அலையின் வேகம் 0.66 மடங்கு என்பதால் வெட்ட வேண்டியது 11.4 சென்டிமீட்டர். இதைத் தவறவிட்டு, வட்ட போலரைசேஷன் என்று நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு நீள்வட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஆர்எஸ்-44 போன்ற நேரியல் டிரான்ஸ்பாண்டர் (ஒரே நேரத்தில் பல பேச்சுகளை வேறு அலைவரிசைக்கு மாற்றி அனுப்பும் கருவி) கோள்களில் நாள்தோறும் பேசுபவருக்கு இந்த ஏற்பாடு முழு மதிப்பும் தருகிறது. ஆனால் முதல் ஆண்டிலேயே இதில் இறங்குவதை நான் ஆதரிக்கவில்லை. திசைக்கு மட்டும் சுழலும் எளிய ரொட்டேட்டரில், நடுத்தர அளவு யாகியை 15 முதல் 20 பாகை மேல்நோக்கிச் சாய்த்து நிலையாகப் பொருத்தினாலே பெரும்பாலான பாஸ்களின் பெரும்பகுதி கிடைத்துவிடும். தலைக்கு நேர்மேலே கடக்கும் சில நிமிடங்கள் பார்வைக்கு வெளியே போகும். அந்த நேரத்தில் கோள் மிக அருகில் இருப்பதால் ஆன்டெனாவின் ஓரத்திலேயே கேட்கும்.

25.9 பாகை கிழக்கில் நிலையாக நிற்கும் கியூஓ-100 கோளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட அந்தக் கோளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பி 10.489 கிகாஹெர்ட்ஸில் கேட்கிறோம். கேட்பதற்கு டிவி டிஷ் ஒன்றும் நிலையான அதிர்வெண் கொண்ட எல்என்பியும் (டிஷ்ஷின் முன் இருக்கும் ரிசீவர் பகுதி) போதும். அனுப்பும் பக்கத்தில் செய்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுதான்: கோளுக்கு வலச்சுற்று அலை வேண்டும், ஆனால் டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுற்று மாறிவிடும், ஆகவே டிஷ்ஷின் குவியத்தில் வைக்கும் ஊட்டியை இடச்சுற்றாகச் செய்ய வேண்டும். பிஓடிஒய் (POTY) என்று அழைக்கப்படும், தட்டையான தகட்டாலான பேட்ச் ஊட்டி, அனுப்பவும் கேட்கவும் ஒரே இடத்தில் பொருந்துவதால், இதற்கெனச் செய்பவர்களின் முதல் தேர்வாக இருக்கிறது. செம்புத் தகட்டை அளவு பிசகாமல் வெட்டத் தெரிந்தவருக்கு அது ஒரு நாள் வேலை.

மர யாகி எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்பவர்களுக்காக இறுதியாக ஒன்று. என்னுடையதை இரண்டு மழைக்காலம் பயன்படுத்தியபின் மறுபடி அளந்தேன். எஸ்டபிள்யூஆர் 1.2-இலிருந்து 1.6 ஆகியிருந்தது, ஒத்ததிர்வு 436-க்குக் கீழே 6 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்திருந்தது. வார்னிஷ் உரிந்த இடங்களில் ரீப்பர் ஈரம் குடித்திருந்தது. கேபிளின் வெளிப்பின்னலைப் பற்றவைத்த இடத்தில், கையில் பிடித்து ஆட்டி ஆட்டி, ஈயத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. நல்ல வெயிலில் மூன்று நாள் காயவைத்து, மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் பூசினேன். மூட்டைச் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்து, கேபிளை மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி ரீப்பரோடு கட்டினேன், இனி இழுவிசை மூட்டில் படாமல் கட்டில் படும்படி. மறுநாள் 1.2 திரும்பியது. ஆரோவின் அலுமினியத்துக்கு இந்தப் பராமரிப்பு எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பூமையும் குச்சிகளையும் ஈரத்துணியால் துடைத்து வைத்ததைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை.